அட்டைப்படம்: கே. ஆவுடையப்பன்

புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'அட்டைப்படம்' என்ற சொல்லுக்கு எதிரே யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர்தான் அட்டைப்படத்தை வரைந்தவர் என்பது, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் தமிழ்நாடு முழுவதும் வேரோடியிருக்கும் ஒரு மூடநம்பிக்கை. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதற்காவது பூனையின் தரப்பில் ஏதோ கொஞ்சம் ஆதாரம் உண்டு; இதற்கு அதுவும் கிடையாது. சிவகாசியில் பொன்மாடத்தி ஆப்செட் அச்சகத்தின் வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து நின்ற விலங்கைப் பற்றி இன்றைக்குச் சாத்தூர் வரை சொல்லப்படும் கதைகளில் பாதி பிசகிப் போனதற்கு இந்த மூடநம்பிக்கையே காரணம் என்பதால், முதலில் இதைக் களைந்துவிட்டு மேலே போவது நல்லது. அந்த விலங்கை வரைந்தவர் ஜெயக்கனி. ஆவுடையப்பன் அல்ல. ஆவுடையப்பன் பந்தல் காண்ட்ராக்டர்.

ஜெயக்கனி பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் படம் வரைகிறவள். தோகை விரித்த மயில், வளையத்துக்குள் பாயும் புலி, ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணடிக்கும் குரங்கு என்று அவள் வரைந்தவை தீபாவளிக்குத் தீபாவளி காஷ்மீரம் வரை போய், பார்க்கப்பட்ட மறுநொடியே கிழிக்கப்பட்டன. லேபிளில் ஆலையின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும், 'பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்ற அறிவுரை இருக்கும். படம் வரைந்தவர்கள் அந்த அறிவுரையைத் தங்களுக்கும் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு விலகியே நின்று பழகியிருந்தார்கள். ஜெயக்கனிக்கு அது பெரிய குறையாகப் பட்டதில்லை, தூத்துக்குடியிலிருந்து பெனிட்டா வந்து "அக்கா, உங்க பேரு புத்தகத்துல வரும்" என்று சொல்லும் வரை.

பெனிட்டா துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள்; மீதி நேரத்தில் ஒரு உலகத்தைச் செய்துகொண்டிருந்தாள். 'வெண்கல வாசல்' என்பது அதன் பெயர். அது கதைப்புத்தகம் என்று அச்சகத்தில் எல்லோரும் நினைத்தது தவறு. அது ஒரு ஆட்டத்தின் புத்தகம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒருத்தி திருடியாகவும் ஒருவன் மருத்துவனாகவும் ஒருவன் நாடு கடத்தப்பட்ட இளவரசனாகவும் பேசிப் பேசியே காட்டைக் கடந்து கோட்டையைப் பிடிப்பார்கள். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினால் கதவு திறக்குமா, கத்தி படுமா என்பது தெரிந்துவிடும். அந்த உலகத்தின் விலங்குகளுக்கெல்லாம் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு: எது தின்னும், எதற்கு அஞ்சும், எத்தனை அடி தாங்கும் என்று.

"என்ன மிருகம் வரையணும்?" என்று ஜெயக்கனி கேட்டபோது, பெனிட்டா, "உங்க இஷ்டம்க்கா. பாத்தா பயமா இருக்கணும், ஆனா பாத்துட்டே இருக்கணும் போலயும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

ஆகவே ஜெயக்கனி வரைந்தாள். உடும்பின் உடல், காளையின் திமில், மயில்கழுத்து நிறத்தில் செதில், கோயில் தேர் அளவுக்கு உயரம், ஆனால் முகம் மட்டும் யாரோ ஏதோ நல்ல செய்தி சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவரின் முகம். முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டைக்குச் சுற்றிப் போகும்படி வரைந்தாள். லேபிள் வரைந்த கை என்பதால் லேபிள் பழக்கமும் உடன் வந்தது. பெட்டியில் படம் விளிம்பைத் தாண்டி மடிந்து போகும். அதனால் அவள் ஓரம் விட்டு வரைவதில்லை, புத்தகத்தை வெட்டும்போது வாலின் நுனி குப்பைக்குப் போயிற்று. பட்டாசு லேபிளில் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும். அதனால் சூரியனையும் இடப்பக்கம் வைத்து நிழலையும் இடப்பக்கமே விழவைத்துவிட்டாள். தலைமேல் இரண்டு அழகான காதுகள் வைத்தாள், ஒன்றைக் கொஞ்சம் மடக்கி. தலைப்பின் தங்க எழுத்துகள் சரியாக அந்தக் காதுகளின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

பெயர் எப்படித் தவறியது என்பதில் மாயம் எதுவும் இல்லை. பொன்மாடத்தி ஆப்செட்டில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கும் செண்பகம், ஊரில் எல்லோரையும் போல, புதுவேலை வந்தால் புதிதாகத் தொடங்குவதில்லை. முந்திய வேலையைத் திறந்து, பழையதை அழித்துப் புதியதை நிரப்புவாள். முந்திய வேலை ஒரு கும்பாபிஷேக மலர். அதில் இரண்டாம் பக்கத்தில் 'அட்டைப்பட உபயம்: கே. ஆவுடையப்பன்' என்று இருந்தது, அட்டைக்குப் பணம் கொடுத்தவர் அவர் என்பதால். செண்பகம் அம்மன் படத்தை எடுத்தாள், தர்மகர்த்தாக்களை எடுத்தாள், அன்னதான நேரத்தை எடுத்தாள், விளையாட்டுப் புத்தகத்துக்கு உபயம் என்ற சொல் பொருந்தாது என்று யோசித்து அதையும் எடுத்தாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் கட்டு தைத்து வெட்டி வந்ததும், ஜெயக்கனி அட்டையைக்கூடப் பார்க்காமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். ஒருமுறை வாசித்தாள். தன் பெயர் வேறு எங்காவது ஓரத்தில் உட்கார்ந்திருக்குமோ என்று அடுத்த பக்கத்தையும் முந்திய பக்கத்தையும் புரட்டினாள். கடைசியில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

விலங்கு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஏன் வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உலவினாலும் உண்மை எளியது: புத்தகத்தின் விலங்குகளுக்கெல்லாம் உள்ளே பக்கம் இருந்தது, அட்டையில் இருந்த விலங்குக்கு மட்டும் இல்லை. பெனிட்டா எழுதி முடித்த பிறகுதான் ஜெயக்கனி வரைந்தாள். உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே வந்து நிற்பது கல்யாண மண்டபத்தில் தினமும் நடப்பதுதான்.

மை காயாத வாசனை தெருமுழுக்க அடித்தது. பின்தொடையில் வெள்ளைக் கட்டமும் அதற்குள் கறுப்புக் கோடுகளும் விலையும் இருந்தன. முதுகின் நடுவில் புத்தகத்தின் மடிப்பு ஓடியதால், சந்தில் திரும்பும்போது அந்த இடத்தில் இரண்டாக மடிந்து, மறுபக்கம் போய் விரிந்துகொண்டது. பேருந்தால் திரும்பமுடியாத முனையில் இது திரும்பியதைப் பார்த்த போக்குவரத்துக் காவலர், "பஸ்ஸையும் இப்படி மடியிற மாதிரி செஞ்சிருந்தா மேம்பாலமே வேண்டியதில்லயே" என்றார். தலையில் தங்க எழுத்தில் 'வெண்கல வாசல்' என்று இருந்தது. டீக்கடையில் ஒருவர் அதை நகைக்கடை விளம்பரம் என்றார். இன்னொருவர், "விளம்பரம்னா இந்நேரம் பாட்டுப் போட்டிருப்பானே" என்று மறுத்தார்.

ஊர் கேட்ட முதல் கேள்வி, இது என்ன என்பதல்ல. இது யாரோடது என்பதுதான். தெருவில் நிற்கும் மாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தே தீரவேண்டும் என்று நம்புகிற ஊர் அது. நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்து, அச்சகத்திலிருந்து ஒரு பிரதியை வாங்கி, இரண்டாம் பக்கத்தைப் பார்த்து, கால்நடையைச் சாலையில் திரியவிட்டதற்காகக் கே. ஆவுடையப்பன் பெயரில் அபராதம் எழுதினார். மாடு, எருமை, குதிரை, கழுதை, இதர என்று ரசீதில் இருந்ததில் 'இதர'வைச் சுழித்தார்.

"நான் ஏதுய்யா வரைஞ்சேன்?" என்று ஆவுடையப்பன் பதறினார். "எனக்கு ஒரு கோடு போடணும்னாலே ரெண்டு முளை அடிச்சுக் கயிறு கட்டித்தான்யா போடுவேன்!"

"அச்சுல இருக்கே அண்ணாச்சி."

"அச்சுல இருந்தா?"

"அச்சுல இருந்தா இருந்ததுதான."

விலங்கும் இதே கட்சியாக இருந்தது. எழுத்துகளுக்குக் கீழே காதுகள் மாட்டிக்கொண்டதால் அதற்கு எதுவும் கேட்காது; ஆகவே அச்சில் இருப்பதை மட்டுமே அது நம்பியது, இந்த விஷயத்தில் நம்மில் பலரைப் போல. ஆவுடையப்பனின் குட்டியானைச் சரக்கு வண்டியின் பக்கவாட்டில் 'கே. ஆவுடையப்பன் பந்தல் அமைப்பகம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. விலங்கு அதை நின்று வாசித்தது. பிறகு அந்த வண்டிக்குப் பின்னால், தாயைக் கண்ட கன்றைப் போல, நடக்கத் தொடங்கியது.

ஜெயக்கனி அச்சக வாசலில் நின்று இதைப் பார்த்தாள். அது தன்னைக் கடக்கும்போது கையை நீட்டினாள். திமிலில் தான் ஈரம் காயுமுன் வைத்த மூன்று நீலப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அது கடந்து போயிற்று. அவள் உள்ளே ஓடி, ஒரு அட்டையில் 'ஜெயக்கனி' என்று கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, சந்துவழியே போய் முன்னால் மறித்து நின்று தூக்கிக் காட்டினாள். விலங்கு நின்றது. மரியாதையாக வாசித்தது. இப்படி ஒரு பெயரை எங்கும் பார்த்த நினைவில்லையே என்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கியது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

"பெத்தவளத் தாண்டிப் போற பிள்ளை மாதிரில்ல போகுது" என்று அவள் அச்சக முதலாளி தனுஷ்கோடியிடம் சொன்னாள்.

"அடுத்த பதிப்புல பேர மாத்திரலாம்மா" என்றார் அவர்.

"இந்த மாதிரிப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வருமா அண்ணாச்சி?"

"வராது. அந்தத் தைரியத்துலதான சொல்லுறேன்."

ஊர் அந்த விலங்கை ஏற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், அதற்காகவே ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தது போலிருக்கும். அதன் நிழல் வெயில் அடிக்கும் பக்கமே விழுந்தது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கூரையில்லாத பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள். காலையில் அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஆவுடையப்பனிடம் ஆள் அனுப்பினார்கள். பலசரக்குக் கடையில் பில் போடும் பெண் அதன் தொடையில் இயந்திரத்தைக் காட்டிப் பார்த்தாள், பீப் என்றது, மொத்தக் கடையும் கைதட்டியது. அது பல்லி இனம் என்று ஒரு பள்ளிக்கூடமும் பசு இனம் என்று இன்னொரு பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுத்தன. இரண்டும் பிழை என்றாலும் இரண்டிலும் மதிப்பெண் போட்டார்கள். பந்தல் வேலையில் அதற்கு இணை இல்லை. கம்பைத் தூக்கிப்பிடிக்க ஏணி வேண்டாம், திமில் இருந்தது. கீற்றைக் கொடுத்தால் பல்லிடுக்கில் செருகிக்கொண்டு, கட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றது.

ஆவுடையப்பனும் மாறினார். முதல் நாள் "நான் வரையல" என்றார். பிறகு "நான் வரைஞ்சேன்னு யாரு சொன்னா?" என்றார். அப்புறம் கேட்டவர்களிடம் சிரித்து மட்டும் வைத்தார். வாரக்கடைசியில் ஒருவர் தன் அப்பாவின் போட்டோவைக் கொண்டுவந்து, பெரிதாக வரைந்து தரமுடியுமா என்று கேட்டபோது, "இப்ப முகூர்த்த சீசன்லா, ஆடி மாசம் வாங்க பாப்போம்" என்றுவிட்டார்.

ஜெயக்கனி அவரைப் பந்தல்காலடியில் பிடித்தாள்.

"அண்ணாச்சி, அத நான் வரைஞ்சேன்."

"தெரியும் தாயி" என்றார் ஆவுடையப்பன், குரலைத் தாழ்த்தி. "எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நான் முப்பது வருசமா பந்தல் போடுறேன். ஒண்ணாவது மறுநாள் நின்னுருக்கா? தாலி கட்டுன கையோட பிரிக்கச் சொல்லிருவாங்க. எம் பேரச் சொல்லிக்கிட்டு எம் பின்னாலயே வர்றது இது ஒண்ணுதான். இருந்துட்டுப் போகட்டுமே."

"நீங்க போட்ட பந்தல்ல ஜெயக்கனின்னு போர்டு மாட்டுனா விட்டுருவீங்களா?"

ஆவுடையப்பன் பந்தலின் மறுகோடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கயித்த இழுத்துக் கட்டுங்கடா" என்று வேறு யாரையோ பார்த்து அதட்டினார்.

இதற்கிடையில் ஊருக்கு ஒரு கவலை வந்தது. பல் வெளியே தெரிந்தாலும் விலங்கின் வாய் எப்போதும் மூடியே இருந்தது. அந்தப் பற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி விலங்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னார்கள். மற்ற ஊராக இருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். சுற்றிலும் பட்டாசு ஆலையும் தீப்பெட்டி ஆலையுமாக இருக்கிற ஊரில், பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆலை முதலாளிகள் கூடிப் பேசி, பெனிட்டாவுக்குப் போன் போட்டார்கள்.

பெனிட்டா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். விலங்கைப் பார்த்ததும் அவள் சொன்னது, "ஐயோ அக்கா, அட்டையில பாத்தத விட அழகா இருக்கே" என்பதுதான். இரண்டாம் பக்கத்தை அவள் அதற்குப் பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கிப்போய் ஜெயக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கவனிக்கலக்கா. தலைப்பு, விலை, விதி எல்லாம் மூணு தடவ பாத்தேன். இதப் பாக்கல."

"யாருதான் பாக்காங்க" என்றாள் ஜெயக்கனி.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. யார் போட்டது என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் விலங்கு, நடுவில் மேசை. ஓரத்தில் தீயணைப்பு வண்டி. கரும்பலகைக்குப் பக்கத்தில் செண்பகம் சாக்பீஸோடு நின்றாள், விலங்குக்குக் காது கேட்காததால் எதையும் எழுதித்தான் காட்டவேண்டும் என்று. பெனிட்டா புத்தகத்தைத் திறந்து விதியை வாசித்தாள்:

"'உள்ளே பக்கம் இல்லாத விலங்கு மேசைக்கு வந்தால், அதைப் படைத்தவர் சொல்வதே அதன் இயல்பு.'"

எல்லாத் தலையும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பியது. பெனிட்டா எழுந்து, "இவரு இல்லங்க, அக்காதான்..." என்று ஆரம்பித்தாள். "அச்சுல இருக்கேம்மா!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது, அதற்கு மேல் அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

"இது எது திங்கும் அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் எழுந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "சேவு" என்றார். "சாத்தூர்ச் சேவு." செண்பகம் எழுதினாள். விலங்கு வாசித்தது. ஒரு தூக்குவாளிச் சேவு வந்தது, பல்லிடுக்கு வழியாகவே போயிற்று. மைதானம் ஆரவாரித்தது.

"எதுக்குப் பயப்படும்?"

"காத்தோட வர்ற மழைக்கு." பந்தல்காரர் வேறு என்ன சொல்வார்.

"எப்படித் தூங்கும்?"

"நின்னுக்கிட்டே. உக்காந்தா கம்பு சாஞ்சிரும்."

ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்டல் கூடியது, ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஆவுடையப்பன் அரையங்குலம் வளர்ந்தார். அவர் அப்படி உச்சியில் நின்ற நேரம் பார்த்துத் தீயணைப்பு நிலைய அலுவலர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டார்.

"இது தீ கக்குமா?"

"பின்ன?" என்றார் ஆவுடையப்பன், சுற்றிலும் பார்த்துக் கையை வீசி. "கக்காமயா?"

கைதட்டல் வரவில்லை. யாரும் செண்பகத்தைத் தடுக்குமுன்னர், சொன்னதைச் சொன்னபடி அடித்தே பழகிய அவள் கை, 'தீ: கக்கும்' என்று எழுதி முடித்திருந்தது.

"அழி! அழி!" என்று தனுஷ்கோடி கத்தினார். செண்பகம் முந்தானையால் அழித்தாள். ஆனால் விலங்கு வாசித்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் எங்கேயோ உருளைக்கல் ஏற்றிய லாரி கியர் மாற்றுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூக்கிலிருந்து இரண்டு நூல் புகை வந்தது.

"கக்காது! கக்காது! சும்மா சொன்னேன்யா!" என்று ஆவுடையப்பன் அலறினார். அதற்குத்தான் கேட்காதே. செண்பகம் பாய்ந்து 'கக்காது' என்று எழுதினாள். பெரிதாக, இரண்டு தடவை. பயனில்லை. தும்மப்போகிறவர்கள் செய்வதைப்போல விலங்கு கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தது. மைதானம் காலியாகத் தொடங்கியது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயை இழுத்தார்கள், முடிச்சு விழுந்திருந்தது.

ஜெயக்கனி கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் ஊர் ஞாபகம் இருந்தது என்று சொல்வது மிகை. இது தப்பு, நான் இப்படி வரையவில்லை என்பது ஒன்றுதான் அவள் தலைக்குள் ஓடியது.

"அண்ணாச்சி, ஏணி!"

ஆவுடையப்பன் ஓடாமல் விலங்கின் முன்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏணி வண்டியில கெடக்கு, நேரமில்ல" என்றார். பிறகு பந்தலின் சவுக்குக் கம்பை விலங்கின் தோளில் சாய்த்து, குறுக்கே ஒரு மூங்கிலை வைத்து, வாழ்நாளில் கட்டியதிலேயே வேகமான முடிச்சைப் போட்டார். "ஏறுங்க தாயி. நான் பிடிச்சிருக்கேன். சாயாது."

அவள் ஏறினாள். தங்க எழுத்துகள் வெயிலில் சுட்டன. எங்கே காது இருக்கிறது என்று அவள் விரல்களுக்குத் தெரியும். அந்த மடங்கிய காதுக்கு மட்டும் அவள் ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவழித்திருந்தாள். முதல் எழுத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கீறினாள். ஜிகினாத்தாளைப்போல அது உரிந்து வந்தது. அடியிலிருந்து காது, சாக்குப்பைக்குள்ளிருந்து முயல் எட்டிப்பார்ப்பதுபோல, துள்ளி வெளியே வந்தது. வெளியே வந்து, மடக்கி வைத்த இடத்தில் சரியாக மடங்கிக்கொண்டது.

"ஏய்" என்றாள் அவள் அதற்குள். "நான்தான். ஜெயக்கனி. உன்னை வரைஞ்சவ."

விலங்கு நடுங்கியது. அது கேட்ட முதல் சத்தம் அது.

"ஒழுங்கா வரையல, அது தெரியும். நிழலு அந்தப் பக்கம் விழுந்திருக்கணும். வாலு நுனிய ஓரம் விடாம வரைஞ்சு வெட்டுல போக்கிட்டேன். அந்தப் பின்காலு கொஞ்சம் குட்டை. அதெல்லாம் என் தப்புதான். ஆனா தீ மட்டும் நான் வரையல. வரையணும்னுதான் இருந்தேன், மஞ்சள் தீந்துபோச்சு. கடை அடச்சிருந்தான். உள்ள வெறும் நாக்குதான் இருக்கு. சிவப்பு நாக்கு. நீ வேணா தொறந்து பாரு."

வயிற்றுக்குள் லாரி கியரைக் குறைத்தது. கண்கள் திறந்தன. விலங்கு மெதுவாக, முதல்முறையாக, வாயைத் திறந்தது. சேவு வாசனையோடு நீளமாக ஒரு ஏப்பம் வந்தது. அதன்பின் ஒரு கதவு அகலத்துக்குச் சிவந்த நாக்கு வெளியே வந்து, ஜெயக்கனியைக் காலிலிருந்து தலைவரை ஒரே இழுப்பில் நக்கியது. கீழே கம்பைப் பிடித்திருந்த ஆவுடையப்பன் தோளிலும் கொஞ்சம் பட்டது. துவைத்தும் அந்தச் சிவப்பு அந்த வெள்ளைச் சட்டையைவிட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று அவர் விரும்பியதாகவும் தெரியவில்லை.

"எம் பேர எடுத்துருங்க தாயி" என்றார் அவர், அவள் இறங்கியதும். "வேல முடிஞ்சா பிரிச்சிரணும். அதான் தொழில் தர்மம்."

அன்று சாயங்காலமே பெனிட்டா எழுத, செண்பகம் இந்தத் தடவை ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அடிக்க, திருத்தச் சீட்டு அச்சானது. பந்தலுக்கடியில் தெருவே உட்கார்ந்து, பசை தடவி, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டியது. அதில் விலங்குக்கு ஒரு பக்கம் இருந்தது: சேவு தின்னும், காற்றோடு வரும் மழைக்கு அஞ்சும், நின்றுகொண்டே தூங்கும், தீ கக்காது. எத்தனை அடி தாங்கும் என்ற இடத்தில் ஊரே ஒருமனதாக 'யாரும் அடிக்கக்கூடாது' என்று எழுதச் சொன்னது. அதற்குக் கீழே 'அட்டைப்படம்: ஜெயக்கனி' என்று இருந்தது. இன்னும் ஒரு வரி வேண்டும் என்று ஜெயக்கனி சொன்னாள். 'விலங்குக்குப் பந்தல்: கே. ஆவுடையப்பன்.'

கடைசிச் சீட்டை ஒட்டியதும் விலங்கு மறைந்துபோயிற்று என்று சொல்வார்கள். அதுவும் தவறு. அதற்கு உள்ளே ஒரு பக்கம் கிடைத்துவிட்டதால், வீடு உள்ளவர்கள் செய்வதையே அதுவும் செய்தது: இரவு உள்ளே, வேலை இருந்தால் வெளியே. இப்போதும் முகூர்த்த நாட்களில் ஆவுடையப்பனுக்குக் கீற்று எடுத்துக் கொடுக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, அந்த ஒரு காதுப் பக்கமாக. ஜெயக்கனி வேலை செய்யும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, அவள் அடுத்ததாக என்ன வரைகிறாள் என்று எட்டிப் பார்த்து, சமயத்தில் தலையை ஆட்டுகிறது. அவள் "உனக்கென்ன தெரியும்" என்று திட்டிவிட்டு, ஓரம் விட்டு வரைகிறாள்.

இனிமேல் எது வெளியே வந்தாலும் நேராகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டுமே தவிர மைதானத்துக்கு வரக்கூடாது என்று ஆலை முதலாளிகள் கூடித் தீர்மானம் போட்டார்கள். அதன்படி, அந்த ஆண்டிலிருந்து பட்டாசு லேபிள்களின் அடியில் பொடி எழுத்தில் படம் வரைந்தவரின் பெயரும் அச்சாகிறது. புது லேபிள்கள் வந்து சில நாட்களில், திருத்தங்கலில் குழந்தை மார்க் கம்பி மத்தாப்புக்குப் படம் வரைகிற பிச்சைக்கனி என்ற அறுபது வயது பிரம்மச்சாரி, லேபிளிலிருந்து தன் வாசலுக்கு வந்து நின்ற குழந்தைக்குக் காலையில் தலைவாரிப் பவுடர் போட்டு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய், பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.